எட்டு ஜிபிக்கு எட்டடி பள்ளம்

எங்கள் கம்பெனியில் ஒரு காகிதத்தில் மிஷின் என்று எழுதிவிட்டால் அது மிஷின்தான். எழுதினவனே ஓடிவந்து, ஐயா நான் சொன்னது அந்த மிஷின் இல்லை என்று காலில் விழுந்தாலும் ஒன்றும் நடக்காது. இதைத் தேர்வாய் கண்டிகையில் லாரிக்கு பிரேக் டிரம் செய்கிற கம்பெனியின் ஸ்டோர்ஸில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். போல்ட்டு, நட்டு, கையுறை, கிரீஸ் டப்பா என்று எதுவானாலும் என் ஜன்னல் வழியாகத்தான் போகவேண்டும். ஜெரால்ட் கேட்ட அந்த மிஷினும் என் ஜன்னலுக்குத்தான் வந்து சேர்ந்தது.

முதலில் செண்பகத்தைச் சொல்லவேண்டும். டெஸ்பாட்சில் இருக்கிறாள். எந்த லாரியில் எத்தனை டிரம், எந்த ஊருக்கு என்று கம்ப்யூட்டரில் போடுகிற வேலை. வீடு ஆரம்பாக்கத்தில். தினமும் கம்பெனி பஸ்ஸில்தான் வந்து போவாள். ஊரிலுள்ள லாரிக்கெல்லாம் பிரேக் செய்து கொடுக்கிற எங்கள் கம்பெனியின் பஸ்ஸுக்கு ஸ்பிரிங் செத்து வெகுகாலமாகிறது. ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்பில் வந்து இறங்கும்.

இரண்டு தடவை அவளுக்கு வயிற்றில் தங்கியது நிலைக்கவில்லை. மூன்றாவதாக ஒன்று தங்கியிருந்தது. பஸ் கூடாது, குலுங்கக் கூடாது, இடது பக்கமாகப் படுத்தே இரு என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரசவ லீவுக்கு இன்னும் காலம் இருந்தது. வேலையை விட்டால் அந்த நாற்காலியில் மறுநாளே வேறு ஆள் உட்கார்ந்திருக்கும்.

"எனக்குப் புள்ளையும் வோணும், வேலையும் வோணும்ண்ணே. ரெண்டுல ஒண்ண விடுன்னா நான் எத்த விடறது?" என்று என் ஜன்னலில் நின்று கேட்டாள்.

பதில் கம்பெனியிடம் இருந்தது. பெண்கள் தினத்தன்று எங்கள் ஃபேக்டரி மேனேஜர் மணவாளன் மைக்கைப் பிடித்துப் பேசியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. "பெண்களின் கஷ்டம் இந்த நிர்வாகத்துக்குத் தெரியும். தேவைப்படுகிற பெண்கள் இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். வரமுடியாத நிலையில் இருப்பவர்கள், தினமும் காலை பத்து மணிக்கு நேரில் வந்து அதற்கான அனுமதியைக் கேட்கலாம்." எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

கம்ப்யூட்டர் பார்க்கிற ஜெரால்ட் நல்ல பிள்ளை. செண்பகத்தை உட்காரவைத்து விளக்கினான். "அக்கா, உன் டெஸ்பாட்ச் சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும். அதனால நம்ம பெரிய சர்வருக்குள்ளயே உனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர உண்டாக்கித் தரேன். விர்ச்சுவல் மிஷின்னு பேரு. அதுக்கு ஒடம்பு கெடையாது, சொம்மா உள்ளுக்குள்ளயே கீது. நீ ஊட்ல படுத்துக்கினே லேப்டாப்ப தொறந்தா அதோட திரை ஒனக்குத் தெரியும், அதுக்கு ரிமோட் டெஸ்க்டாப்புன்னு பேரு. இங்க குந்திக்கினு செய்யற மாரியே வேலைய முடிச்சிரலாம்."

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குள் அதைச் செய்தும் முடித்துவிட்டான். அதோடு வாயை மூடிக்கொண்டு அவளிடம் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கலாம். நல்ல பிள்ளை என்றேனே, அதுதான் கெடுத்தது. முறைப்படி அனுமதி வாங்கவேண்டும் என்று எழுதினான்: விர்ச்சுவல் மிஷின், எட்டு ஜிபி, ஒன்று. ரிமோட் டெஸ்க்டாப் வசதியுடன். இயக்குபவர் செண்பகம், ஆரம்பாக்கம்.

மிஷின் என்ற சொல்லைப் பார்த்ததும் காகிதம் தானாகவே இயந்திரம் நிறுவும் குழுவுக்குப் போய்விட்டது. குழுவுக்குத் தலைவர் பாதுகாப்பு அதிகாரி அன்புசெல்வன். கடமையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சத்தம் அளக்கிற மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் நாஷ்டாவுக்கே உட்காருவார். ஜெரால்டைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிஷின் கேக்கறீங்க. ஃபவுண்டேஷன் எங்க?"

"சார், இது சர்வருக்குள்ள இருக்கற மிஷின் சார். கண்ணுக்குத் தெரியாது."

அன்புசெல்வன் பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணுக்குத் தெரியற மிஷின்லயே வருஷா வருஷம் விரல் போகுது. தெரியாத மிஷினை ஃபவுண்டேஷன் இல்லாம, வேலி இல்லாம நான் எப்படி விடுவேன்? போறவன் வரவன் மோதிக்கிட்டா யார் பொறுப்பு? நீளம் எவ்வளவு?"

"நீளம்லாம் இல்ல சார், எட்டு ஜிபி."

"எட்டடி," என்று எழுதிக்கொண்டார். "அகலம்?"

ஜெரால்ட் வாயைத் திறந்தவன் மூடவில்லை. அதை அவர் நாலடி என்று எடுத்துக்கொண்டார்.

டிரம் அடுக்கியிருந்த இடத்தைக் காலி செய்து பள்ளம் வெட்டினார்கள். கம்பி கட்டினார்கள், கான்கிரீட் போட்டார்கள், ஈரச் சாக்கைப் பரப்பி நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள். கரியும் உப்பும் கொட்டி எர்த் குழி ஒன்று தோண்டினார்கள். சுற்றி மஞ்சள் வேலி போட்டு, அபாயம் என்று மண்டையோட்டுப் பலகை மாட்டினார்கள். வேலிக்குள்ளே ஒன்றுமே இல்லை. ஆனாலும் வேலிக்குள் கை நீட்டினான் என்று ஒரு காண்ட்ராக்ட் ஆளுக்கு மெமோ கொடுத்தார்கள். அவன் அங்கே விழுந்து கிடந்த தன் தொப்பியை எடுக்கப் போனவன்.

என் பங்குக்கு எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. மேற்படி மிஷினுக்கு ரிமோட் ஒன்று, டெஸ்க் டாப் ஒன்று வழங்கவும். ஏ.சி.க்கு வாங்கி மிச்சமாகிக் கிடந்த ரிமோட்டில் புதுசாகப் பேட்டரி போட்டு அனுப்பினேன். டெஸ்க் டாப்புக்கு ஆசாரியைக் கூப்பிட்டேன். மேஜையா செய்யட்டுமா என்று கேட்டார். மேஜை கேட்கவில்லை, டாப் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள் என்றேன். நன்றாகச் சன்மைக்கா ஒட்டி, காலில்லாத மேஜைப் பலகை ஒன்று செய்து கொடுத்தார். என்னைத் திட்டாதீர்கள். உத்தரவில் கால் இல்லை.

இந்தக் கூத்தில் கஷ்டப்பட்டது செண்பகம்தான். பள்ளம் வெட்ட, கம்பி கட்ட, பலகை மாட்ட என்று ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பதாரர் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டவள் ஒருநாள்கூட வீட்டில் இருக்கவில்லை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒரு கை கம்பியிலும் ஒரு கை வயிற்றிலும் இருக்கும். அவள் புருஷன் ஆதிகேசவன் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டு முடித்துவிட்டு எங்கள் கேட்டில் வந்து நிற்பான். "இன்னாண்ணே, முட்ஞ்சிச்சா?" என்று தினமும் கேட்பான். கான்கிரீட் இன்னும் காயவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

கான்கிரீட் காய்ந்ததும் சத்தப் பரிசோதனை வந்தது. அன்புசெல்வன் வேலிக்கு வெளியே நின்று, காலி மேடைக்கு நேராக மீட்டரை நீட்டினார். பக்கத்து மிஷின் ஷாப்பின் இரைச்சலைத்தான் அது காட்டியது. மீட்டரைத் தட்டிப் பார்த்தார். அந்த மிஷின் ஷாப்பை முழுக்க நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி நீட்டினார். அசையவில்லை. மீட்டரில் கோளாறு என்று அம்பத்தூருக்கு அனுப்பி, சரிபார்த்து வாங்கி வந்து நீட்டினார்.

"ஓடற மிஷினா இருந்தா சத்தம் வரணும். சத்தம் வரலன்னா ஓடலன்னு அர்த்தம். ஓடாத மிஷினுக்கு நான் எப்படி சர்டிபிகேட் தரமுடியும்?" என்று ஜெரால்டைக் கோபித்துக்கொண்டார். சர்டிபிகேட்டில் சத்தம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, மற்றதில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து பூஜை. ஐயர் வந்தார். மிஷின் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேட்டார். ஜெரால்ட் கிறிஸ்தவப் பையன், இதில் நாம் தலையிடக்கூடாது என்று வானத்தைப் பார்த்தான். கடைசியில் கிழக்கு என்று முடிவு செய்து, கான்கிரீட்டின் கிழக்கு விளிம்பில் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். காலில்லாத பலகையின் மேல் ரிமோட்டை வைத்து மாலை போட்டார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். மணவாளன் பேசினார்.

"இந்த மிஷினைப் பாருங்கள். எண்ணெய் ஒழுகாது, முணுமுணுக்காது, சங்கம் வைக்காது, பாத்ரூம் போகிறேன் என்று காணாமல் போகாது. இங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் இந்த மிஷினைப் போல இருக்கவேண்டும் என்பதுதான் என் நீண்டநாள் கனவு. அதே சமயம் இது புது மிஷின். முதல் சில மாதங்கள் இதற்கு அதிக வேலை கொடுத்து யாரும் சிரமப்படுத்தக் கூடாது. மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது."

நாற்காலிகள் அதிகாரிகளுக்குத்தான் இருந்தன. செண்பகம் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திடீரென்று முகம் வெளுத்து, வேலிக்குள் நுழைந்து அந்த மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்திரும்மா, மிஷின் மேல உக்காராதே," என்றார் அன்புசெல்வன்.

அவள் எழுந்திருக்கவில்லை. அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரிமோட்டைத் தூக்கி எங்கேயாவது எறியலாம் போலிருந்தது. எறியவில்லை. அது என் கணக்கில் இருக்கிற பொருள்.

கூட்டம் கலைந்ததும், பூஜைதான் முடிந்துவிட்டதே, இனி பாஸ்வேர்டைக் கொடுக்கலாமா என்று ஜெரால்ட் கெஞ்சினான். முடியாது என்றார் அன்புசெல்வன். ஆபரேட்டர் பக்கத்தில் இல்லாமல் மிஷின் ஓடக்கூடாது என்பது விதி. மிஷின் தேர்வாய் கண்டிகையில், ஆபரேட்டர் ஆரம்பாக்கத்தில் என்றால் எமர்ஜென்சி பொத்தானை யார் அமுக்குவது? செண்பகம் வீட்டிலிருந்து தாராளமாக வேலை செய்யட்டும், ஆனால் செய்யும்போது மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார்.

அப்போதுதான் மணவாளனுக்கு அந்த யோசனை பிறந்தது. மேனேஜர் என்றால் சும்மாவா? "ஆபரேட்டர் மிஷினிடம் வரமுடியவில்லை. சரி, மிஷின் ஆபரேட்டரிடம் போகட்டும். கேட் பாஸ் போட்டு ஆரம்பாக்கத்துக்கு அனுப்புங்கள்."

கேட் பாஸ் நான்தான் எழுதினேன். மிஷின், ஒன்று, திரும்பி வரவேண்டியது. புது மிஷினைக் குலுக்காமல் கொண்டுபோக வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அதனால் கண்ணாடி ஏற்றுகிற வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, உள்ளே தடிமனாக ஃபோம் மெத்தை விரித்து, பின்னால் 'மெதுவாகச் செல்லும் வண்டி, நுட்பமான இயந்திரம்' என்று எழுதி ஒட்டினார்கள். ஆபரேட்டர் கூடவே போய் இறக்கிக்கொள்ள வேண்டும் என்று செண்பகத்தை டிரைவர் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

கேட்டில் சுப்பிரமணி. எங்கள் செக்யூரிட்டி. ஓர் ஊசியைக் கூட பாஸ் இல்லாமல் வெளியே விடமாட்டான். பாஸ் இருந்து ஊசி இல்லாவிட்டாலும் விடமாட்டான். வண்டிக் கதவைத் திறந்து பார்த்தான். எடை மேடையில் ஏற்றிப் பார்த்தான். உள்ளே வந்தபோது காட்டிய அதே எடையைத்தான் மேடை காட்டியது.

"இன்னா நைனா இது? பாஸ்ல மிஷின் ஒண்ணுன்னு போட்டு கீது. வண்டில வெறும் மெத்ததான் கீது," என்றான்.

"அது கண்ணுக்குத் தெரியாதுப்பா," என்றேன்.

"எடை கூடவா தெரியாது? பாஸ்ல கீற மிஷின் வண்டில இல்லன்னா நடுவுல எவனோ தூக்கிட்டான்." கேட்டை இழுத்துப் பூட்டி, சங்கை ஊதிவிட்டான்.

அவ்வளவுதான். மிஷின் திருடு போய்விட்டது என்று மொத்தக் கம்பெனியும் வெயிலில் வந்து நின்றது. ஒவ்வொருவரின் சாப்பாட்டுப் பையையும் திறந்து தேடினார்கள். எட்டடி மிஷினைத் தேடி எலுமிச்சை சாத டப்பாவைத் திறக்கிறீர்களே என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே டிரம் ஏற்ற வந்த லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கம்பெனிக்குள் இதுவரை அப்படி ஒரு மிஷின் இருந்ததா என்ற சந்தேகம் மட்டும் யாருக்கும் வரவில்லை.

செண்பகம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வியர்வையில் ஜாக்கெட் ஒட்டியிருந்தது. மெதுவாக நடந்து சுப்பிரமணியிடம் போனாள்.

"நான்தாண்ணே மிஷின்."

சுப்பிரமணி பாஸிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எட்டடிப் பள்ளம் வெட்டனது எனக்குத்தான். பூசணிக்கா ஒடச்சது எனக்குத்தான். குலுக்கக் கூடாது, சிரமப்படுத்தக் கூடாதுன்னு சொன்னதும் என்னத்தான். ஏத்தறதுன்னா ஏத்து. இல்லன்னா இங்கயே பட்த்துக்கறேன். என்னால இதுக்கு மேல நிக்க முடியல."

சுப்பிரமணி பாஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சொம்மா பேஜார் பண்ணிக்கினு. ஏறும்மா பின்னால."

அவள் ஏறி, மெத்தையில் இடது பக்கமாகப் படுத்தாள். வண்டியை மறுபடி எடை மேடையில் ஏற்றினான். இந்தத் தடவை எடை ஏறியது. அதைப் பாஸில் எழுதி முத்திரை குத்தினான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மணவாளன் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்து, "மிஷின் கிடைத்துவிட்டதா?" என்று கேட்டார்.

"கெட்ச்சிட்ச்சி சார்," என்றான் சுப்பிரமணி. அன்புசெல்வன் ஓடிவந்து 'ஓய்வில் உள்ளது, தொடாதீர்' என்ற சிவப்பு அட்டையை அவள் கால்மாட்டில் கட்டிவிட்டுப் போனார். வண்டி ஆமை மாதிரி ஊர்ந்து ஆரம்பாக்கம் போய்ச் சேர்ந்தது.

மிஷினும் ஆபரேட்டரும் ஒரே விலாசத்தில் இருப்பது காகிதத்தில் உறுதியானதும் ஜெரால்ட் பாஸ்வேர்டைக் கொடுத்தான். அவள் வீட்டில் படுத்தபடி லேப்டாப்பைத் திறந்தாள். திரை தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஓசூருக்கு லாரி கிளம்பியது. அதற்குப் பிறகு டெஸ்பாட்சில் ஒரு தப்பு வந்ததில்லை. மாதாந்திரக் கூட்டத்தில், ஆரம்பாக்கம் மிஷின் ஒரு நாள்கூட நின்றதில்லை என்று மணவாளன் எல்லா மிஷின்களுக்கும் உதாரணமாகச் சொன்னார்.

நடுவில் பராமரிப்புக்கு ஒரு ஃபிட்டரை கிரீஸ் டப்பாவோடு அனுப்பினார்கள். ஆதிகேசவன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டான். ஃபிட்டர் திரும்பி வந்து எழுதிய அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது: அதிர்வு இல்லை, கசிவு இல்லை, நடுப்பகுதியில் வீக்கம் தெரிகிறது, கூடிக்கொண்டே போகிறது, கவலைப்பட வேண்டியதில்லை என்று ஆபரேட்டர் சொல்கிறார்.

பிரசவ லீவும் முடிந்து செண்பகம் திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆதிகேசவன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினான். அவள் இடுப்பில் பிள்ளை, பெண்பிள்ளை, தலை நிறைய முடி. கம்பெனியின் குழந்தைக் காப்பகத்தில் விடுவதற்காகக் கூட்டி வந்திருந்தாள். சுப்பிரமணி பழைய பாஸைத் தேடி எடுத்துக்கொண்டு கேட்டில் நின்றான்.

"போச்சொல்ல ஒண்ணு. வரச்சொல்ல ரெண்டு கீது."

"கொழந்தண்ணே," என்றாள் செண்பகம்.

"தெரியிதும்மா. நல்லாத்தான் கீது. ஆனா ஒண்ணுதான திரும்பி வரணும்? அதிகப்படிய நான் எதுல ஏத்துவேன்?" என்று ஸ்டோர்ஸுக்குப் போன் செய்தான். நான் போனேன். பிள்ளையைப் பார்த்தேன். பிறகு பாஸை வாங்கி, திரும்பிய நிலை என்ற இடத்தில் 'நல்ல நிலையில், ஒன்று கூடுதலாக' என்று எழுதினேன். இருபது வருஷ உத்தியோகத்தில் நான் சந்தோஷமாக எழுதிய வரி அது ஒன்றுதான்.

விஷயம் கேள்விப்பட்டு அன்புசெல்வன் ஃபைலோடு வந்துவிட்டார். மிஷின் திரும்பி வந்தால் மறு பரிசோதனை செய்யவேண்டுமாம். கழுத்து மீட்டரைக் கழற்றி நீட்டினார். பளபளவென்று ஏதோ முகத்துக்கு நேரே வந்ததும் பிள்ளை அதைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது. அப்புறம் அழ ஆரம்பித்தது பாருங்கள். எடை மேடையில் நின்ற லாரி டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். மிஷின் ஷாப்பிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மீட்டர் துள்ளியது. அன்புசெல்வன் அதைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு மறுபடி நீட்டினார். இன்னும் ஏறியது. அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஃபைலைப் பிரித்து, அத்தனை காலம் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தை நிரப்பினார்.

"ஓடுது," என்றார். "மிஷின் ஓடுது." கையெழுத்துப் போட்டார்.

சுப்பிரமணி கேட்டைத் திறந்தான். ஆனால் அன்புசெல்வன் கை காட்டி நிறுத்தினார். சத்தம் வரம்புக்கு மேலே இருக்கிறது, இந்த இடத்தில் நிற்கிற எல்லோரும் காதில் இயர் பிளக் வைத்தாக வேண்டும் என்றார். விதி அப்படித்தான் சொல்கிறது. நான் ஸ்டோர்ஸுக்கு ஓடி ஒரு டப்பா எடுத்துவந்து ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தேன். எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். ஆதிகேசவன்கூட எதற்கு வம்பு என்று வைத்துக்கொண்டான். பிள்ளை இன்னும் வீறிட்டுக்கொண்டிருந்தது.

செண்பகம் மட்டும் தன்னுடையதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வேணாம்ண்ணே. நான் கேக்கறேன்."

அந்த ஒரு ஜோடியை ஸ்டோர்ஸில் திரும்ப வரவு வைத்தேன்.